உப்புத் தட்டு

செவ்வாய், வியாழன். மூன்றரை மணி.
நூலகத்தின் நிலவறையில்
கொதிகலனை ஒட்டிய மேசை.
கேக் வார்க்கும் தகரத் தட்டில்
ஒரு விரற்கடை உயரத்துக்கு உப்பு.

கோல்பி பெல்லெட்டியர் வருகிறான்,
எட்டு வயது,
பனிக்காலணி இடம் வலம் மாறி.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
நடக்கிறானே, போதும்.

"இன்னைக்கும் பி-யா?"
"இன்னைக்கும் பி."
"அதுக்கு எம்மேல என்ன கோபம்?"

முதலில் கோடு. பிறகு வயிறு.
ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே
உப்பில் விரலை இழுக்க வேண்டும்.
கண் கைவிடும்போது
விரல் ஞாபகம் வைத்திருக்கும் என்பது
அறுபத்தாறு வயதில் நான் படித்த பாடம்.
பாங்கர் நகரில் ஒன்பது நாள் பயிற்சி.
மதியம் சூப்.
நான்காம் நாள் கழிப்பறைக்குள் போய்க்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முப்பத்தொரு வருஷம் மூன்றாம் வகுப்பு.
உருளைக்கிழங்கு அறுவடைக்குப்
பள்ளிக்கூடத்தையே மூடும் ஊர் இது.
வரிசை தப்பாமல் கிழங்கு பொறுக்கிய பிள்ளைகள்
வரியில் சொல் பொறுக்கத் திணறினால்
என்னிடம் ஒரு சிவப்புப் பேனா இருந்தது.
அதற்குத் தெரிந்தவை மூன்று:
கவனமில்லை. முயற்சியில்லை. சோம்பல்.
எழுத்துப்பிழை ஒன்றும் இருக்காது.

ரெனால்ட் தெரியோவுக்கு
மூன்றையும் எழுதினேன்,
எண்பத்தேழில், ஒரே பக்கத்தில்.
தலையெழுத்தை யார் எழுதுகிறார்களோ, தெரியாது.
ரிப்போர்ட் கார்டை நான்தான் எழுதினேன்.

இப்போது பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான்.
இரவெல்லாம் கொட்டியதை
விடியுமுன் என் வாசலில் வழித்துவிட்டுப் போவான்.
பில் அனுப்புவதில்லை.
கதவில் சீட்டு ஒட்டிவைப்பேன்,
எவ்வளவு தர வேண்டும் என்று.
மறுநாள் சீட்டு இருக்காது.
பதிலும் இருக்காது.
ஆறு குளிர்காலம்.
திமிர் என்று நினைத்தேன்.
பக்கத்து வீட்டு ஜெரால்டினிடம்
அப்படியே சொல்லவும் சொன்னேன்.

நான்காம் நாள் அந்தக் குழாயடியில்
எல்லாச் சீட்டும் ஞாபகம் வந்தது.
கூட்டெழுத்து. வளைத்து வளைத்து.
பரிசு வாங்கிய கையெழுத்து.

"ரெண்டு கையையும் மூடு.
கட்டைவிரல் மட்டும் மேலே.
முட்டியும் முட்டியும் தொடட்டும். என்ன தெரியுது?"
"கட்டில்."
"இந்தக் கால் பி. அந்தக் கால் டி."
மெய் இரண்டும் கட்டில்கால்.
நடுவில் உயிர் படுத்திருக்கிறது.
"குறட்டை விடுது," என்கிறான். "எ... எ... எ..."
சிரித்து முடித்துவிட்டு
"பெட்" என்று வாசிக்கிறான்,
என்னைப் பார்க்காமல்.

அடுத்த வரியில் அப்பா 'பாப்' ஆகிவிடுகிறார்.
மறுபடி கோடு, மறுபடி வயிறு, எதிர்ப்பக்கம்.
நெற்றியை மேசையில் வைத்துக்கொள்கிறான்.
நான் தட்டைக் குலுக்குகிறேன்.
உப்புக்கு இந்த ஒரு குணம்:
குலுக்கினால் தப்பு போய்விடும்.
தாளுக்கு அது வராது.

பிப்ரவரியில் ஒரு நாள், காலை ஐந்து மணி,
மைனஸ் இருபத்தெட்டு.
இரவு உடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு
லாரியின் வெளிச்சத்துக்குள் போய் நின்றேன்.
கண்ணாடியை இறக்கினான்.
ஒத்திகை பார்த்த சொற்கள் எதுவும் வரவில்லை.
"எவ்வளவு தரணும், ரெனால்ட்?"

"ஓ, அதுவா" என்றான்.
"சீட்டெல்லாம் பத்திரமா இருக்கு, மிஸ்.
டேஷ்போர்டு பெட்டியில.
மக படிச்சுச் சொல்றேன்னா.
நான்தான் வேண்டாம்னேன்."
இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.
"உங்க எழுத்துன்னு தெரிஞ்சுது.
என்னைப் பத்தித்தானே இருக்கும்."

அங்கேயே சொன்னேன்,
பனியில், பல் கிட்டித்துக்கொண்டு,
எல்லாச் சீட்டிலும் இருந்ததை,
பிறகு எண்பத்தேழில் இருந்திருக்க வேண்டியதை.
எவ்வளவு கேட்டதோ.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
இடக்கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவன் பக்கத்திலிருந்து பி.
நான் நின்ற பக்கத்திலிருந்து டி.

வியாழக்கிழமைக்கு உப்பு மாற்ற வேண்டும்.
ஈரம் ஏறிக் கட்டி தட்டிப்போயிருக்கிறது.