எடைமேடை

நத்தாலெஸ் ஊருக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஒன்பதில்
லாரிகளை நிறுப்பது என் வேலை.
ஏறும். எண் விழும். இறங்கும்.
காலி வண்டியைக் கழித்தால் சரக்கு.
பத்தொன்பது வருடத்தில் கணக்கு தப்பியதில்லை;
தப்பினால் ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஒருமுறை ஒயார்சூன் வண்டியில் அறுநூறு கிலோ அதிகம்.
"மழை, நெலிதா. கம்பளி தண்ணீர் குடிக்கும்" என்றார்.
சிரித்தேன்.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காமலே
அபராதம் எழுதினேன்.

இப்போது வெள்ளிதோறும்
என்னை நிறுக்கிறார்கள்.

ஆயிரத்து இருநூறு கலோரி.
காலையில் ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி,
மதியம் எண்ணெய் காணாத மீன்,
இரவு பூசணி சூப், உருளைக்கிழங்கு இல்லாமல்.
உருளைக்கிழங்கு இல்லாமல்!
சிலோவே தீவில் பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா இது.

முதல் மாதம் நாலு கிலோ போனது.
இரண்டாம் மாதம் ஒன்று.
மூன்றாம் மாதம் முள் அசையவில்லை.
நான்காம் மாதம் முன்னூறு கிராம் திரும்பி வந்தது,
கோபித்துக்கொண்டு போன பிள்ளை
பின்வாசல் வழியாக வருவதுபோல.

ஃபபியோலாவுக்கு இருபத்தாறு வயது.
பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்:
"சாப்பிடுவதை எல்லாம் எழுதுகிறீர்கள்தானே?"
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
ஜன்னல் வழியே லாரிக்காரர்களிடம்
நான் கேட்கும் குரல் அது.

சரி, ஒப்புக்கொள்கிறேன்.
மாத்தே தேநீரில் போட்ட சர்க்கரையை எழுதவில்லை.
குவளை கைமாறிக் கைமாறி வரும்போது
யார் கரண்டியை எண்ணுவார்?
ஜாம் கரண்டியை நக்கியதையும் எழுதவில்லை.
பிறகு எழுதினேன்.
மாத்தேயைக் கசக்கக் கசக்கக் குடித்தேன்.
ஐந்து வாரம்.
முள் அசையவில்லை.

தங்கை ஈர்மாவுக்கும் இதே தாள், இதே முட்டை, இதே மீன்.
பதினொரு கிலோ குறைந்து
பாவாடையை ஊக்கு குத்திக்கொண்டு திரிகிறாள்.
ஒரே வயிற்றில் பிறந்தோம்.
ஒரே வயிறு இல்லை எங்களுக்கு.

யாரும் கேட்காதவை சில உண்டு.
வசந்தம் வந்தும் என் விரல் நுனிகள் சில்லிட்டுக் கிடக்கின்றன.
மேசைக்கடியில் சதா ஆடிக்கொண்டிருந்த என் கால்
எந்த நாளில் ஆட்டத்தை நிறுத்தியது?
நடந்துகொண்டே போன் பேசுகிறவள்
இப்போது உட்கார்ந்து பேசுகிறேன்.
ரொட்டிக்கடை வாசனை மட்டும்
நாலு தெரு தள்ளியிருந்து
பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

நவம்பரிலும் எங்கள் ஊர் இரவுக்கு அடுப்பு வேண்டும்.
கொட்டகையில் மூன்றே லெங்கா கட்டைகள்.
விறகு வண்டி வியாழக்கிழமைதான்.
அடுப்பின் காற்றுத் தகட்டை முக்கால்வாசி தள்ளி மூடினேன்.
நெருப்பு சுருண்டு, சிவந்து, படுத்துக்கொண்டது.
இனி ஒரு கட்டை விடியும்வரை வரும்.
வீடு குளிரும். அணையாது.

கையைத் தகட்டிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

உள்ளே எவளோ எனக்கும் இதையே செய்திருக்கிறாள்.
டயட் தாளை வாசிக்கத் தெரியாதவள்,
பஞ்சம் என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தவள்.
வண்டி நின்றுவிட்டதென்று எண்ணி
தழலைக் குறைத்து, விளக்கை அணைத்து,
கதவிடுக்கில் கந்தலைச் செருகி
என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.
அவளிடம் எப்படிச் சொல்வது,
இது நானாக மூடிய கடை என்று?
சொன்னாலும் நம்புவாளா,
என்னை யார்தான் நம்புகிறார்கள்.

மறுநாள் நல்ல மழை. ஒயார்சூன் வந்தார்.
எழுநூற்று இருபது கிலோ அதிகம்.
"கம்பளி..." என்று தொடங்கி,
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
தார்ப்பாயைத் தூக்கச் சொன்னேன்.

கம்பளிதான்.
ஒரு கைப்பிடி இழுத்து
என் பூட்ஸ் மேல் பிழிந்து காட்டினார்.
வெகுநேரம் வடிந்தது.