அறுபத்தொரு சதவீதம்

இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் கிடந்தாலும்
ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் போட்டிருந்தது.
ராயப்பு சோதித்தே பார்த்தான்,
நண்டு அலசிய வாளித் தண்ணீரில் முக்கி.
துடைத்தால் அதே பக்கம், அதே வரி.
அன்றிலிருந்து எனக்குப் பெயர் வாத்தியார்.

மூன்று வருஷம்.
வலை விட்டுக் காத்திருக்கும் இரவுகளில்
வாடை அள்ளி அடித்தது.
ஒரு முறை அணியத்திலிருந்து நழுவி விழுந்தது.
மார்பளவுத் தண்ணீரில்
காலால் துழாவிக் கடல்புல்லுக்குள்ளிருந்து எடுத்தேன்.
ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

பிறகு ஒரு நாள் வீட்டில்,
ஈரத்துணிகூடப் பக்கத்தில் இல்லாத மதியம்
நின்றுவிட்டது.

"பேட்டரி" என்றார் சீனி நைனா.
தொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ரெண்டாள் நின்றால் நிறைந்துவிடும் கடை.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒரு திருகாணி இல்லை, நகம் நுழைய இடமில்லை.
"தண்ணி போகக்கூடாதுன்னு ஒட்டியிருக்கான்.
அதுக்கு நானும் தண்ணி மாதிரிதான்."

சூடு காட்டினார்.
பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நறுக்கி
ஓரத்தில் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தார்.
பசை இளகவில்லை, திரை இளகிற்று.
கொடுக்கை உடைக்கிற அதே சத்தம்.

விரிசலுக்கு இந்தப் பக்கம் எழுத்து அழியாமல் இருந்தது.
உயிர் போனாலும் கடைசிப் பக்கம் போகாத திரை அது.
'கதவைத் தட்டியபோது உள்ளே'
என்பதோடு நிற்கிறது. கீழே, 61%.
"உள்ள யாருங்க?" என்றார்.
எனக்கு எப்படித் தெரியும்?

மேஜைக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்தார்.
நாலு திருகாணி, பின்மூடி கழலும்.
நம்புதாளையில் கடலுக்குள் விழுந்ததாம்.
பல் விளக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து
ஸ்பிரிட்டில் கழுவி
மூன்று நாள் ஃபேனுக்கடியில் போட்டாராம்.
நடுவில் ஒரு கோடு. மற்றபடி சுகம்.
ஆயிரத்து இருநூறு, கூடவே ஒரு பேட்டரி.

வாங்கிவிட்டேன். ஆனாலும்
ராத்திரி மூன்று மணிக்கு, கரை விளக்குத் தெரியாத இடத்தில்
அலை ஏறி அடிக்கும்போது
நாலு திருகாணியும் சீனி நைனாவும்
எனக்கு எதற்கு ஆகும்?
அங்கே பழசுதான் வேண்டும்.
இங்கே இதுதான் வேண்டும்.

இப்போது நண்டுக் கம்பெனிப் பைக்குள் வைத்து வாசிக்கிறேன்,
வாய்க்கு ரப்பர் பேண்ட் போட்டு.
பக்கம் திருப்ப மூன்று தட்டு தட்ட வேண்டும்.
உள்ளே ஆவி படிகிறது. வெளியே துடைத்துப் பயனில்லை.

"கதவு திறந்துச்சா?" என்கிறான் ராயப்பு.
பொறுடா. பையைத் திறந்து துடைக்கணும்.
இந்த அலை போகட்டும்.