எர்த்

"ஒங்க மொரிஸ் மைனர்ல எர்த்தே தலகீழு சார்,
பொசிட்டிவ் பொடியில நிக்கிது.
சட்டலைட் ரேடியோவ அப்புடியே மாட்டுனா
பொகஞ்சிரும்"
என்றான் ஹப்புத்தளை மருதவீரன்.

இரண்டு நாள்.
பெட்டரியைத் திருப்பி வைத்து
அம்மீட்டர் வயரை மாற்றிக் கொடுத்து
கூரையில் ஒட்டினான்
மாரி பிஸ்கட் அளவில் ஓர் அன்டனா.

பனிமூட்டம் ஒன்றும் செய்யவில்லை.
டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே மட்டும்
செய்தி வாசிப்பவள்
பாதிச் சொல்லை விழுங்கினாள்.
சிங்கப்பூரில் இடியுடன் மழையாம்.
துபாயில் புழுதி.

பெரகலைக்கு முந்திய வளைவில்
எதிரே வந்த மரக்கறி லொறி
இரண்டு தரம் லைட் அடித்து நின்றது.
கண்ணாடியை இறக்கினேன்.
"கீழ மண்ணு சரிஞ்சிருச்சு, திருப்புங்க."

ரிவர்ஸ் விழ மறுத்தது, வழக்கம்போல.
அவள் இன்னும்
புழுதியில்தான் இருந்தாள்.