தாய் பொருந்தவில்லை

"வீட்டிலேயே பொரிச்சதுங்க" என்றாராம் தனகோடி,
கடலூர் முதுநகரில்
பழைய வலைக்கடியில் பதினொரு இளங்கிளிகளை வைத்திருந்தவர்.
கூண்டு ஜோடியைக் காட்டி,
"இது ஆத்தா, அது அப்பன்."

வனக்காவலர் அஞ்சலாட்சி
ஆளுக்கொரு இறகு பிடுங்கி
உறையிலிட்டு எண் எழுதி
பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல்
காலாப்பட்டு வந்து சேர்ந்தாள்.

இறகின் அடிக்காம்பில்
நொய்யரிசியளவு சதை. போதும்.
இரவில் கரண்ட் இரண்டு முறை போனது.
விடியும்போது
மரபணுக் குறிகள் திரையில் நின்றன:
பதினொன்றும் ஏதோ மூன்று மரப்பொந்துகளின் பிள்ளைகள்.
ஆத்தா யாருக்கும் ஆத்தா இல்லை.
அப்பனும் பெண்.

'தாய் பொருந்தவில்லை'
பதினொரு முறை தட்டச்சு செய்தேன்.

போனில் அஞ்சலாட்சி சொன்னாள்:
ஏழாம் எண்
யார் கதவைத் திறந்தாலும்
"அம்மா வந்தாச்சு" என்கிறதாம்.