லக்கேஜ்

வண்ணார்பேட்டைக் கடையில்
சக்கரம் வைத்த டூல்ஸ் பெட்டி
நாலாயிரத்து எண்ணூறு.
தூக்கிப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன்,
விலைச்சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

மேலப்பாளையத்து மைதீன் பிச்சை
முன்னூற்றைம்பதுக்குத் தந்தான்
ஜித்தா போய்வந்த சூட்கேஸ்.
கைப்பிடியில் இன்னும் ஏர்போர்ட் ஸ்டிக்கர்,
உள்ளே யாரோ சிந்திய அத்தர்,
ஒரு சக்கரம் கோணல்.
"அது வடக்க இழுத்தா நீரு தெக்க தள்ளும் வே."

பைப் ரிஞ்சு, கிளாம்ப் மீட்டர்,
பாதி தீர்ந்த டேப்,
அதன் மேல் சோத்துப் போணி.
பதினாறு கிலோ.

பேட்டை பஸ்ஸில் கண்டக்டர்
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"லக்கேஜ் பத்து ரூவா."
நேற்றுவரை இதே சாமான்
தோளில் சும்மாதானே வந்தது?
"அப்ப அது ஒம்ம ஒடம்பு அண்ணாச்சி.
இப்பதான் காலு மொளச்சிருச்சுல்லா."

போகப் பத்து, வரப் பத்து.
இருநூற்று நாற்பது நாள் போனால்
நாலாயிரத்து எண்ணூறு.
டிக்கெட்டின் பின்புறம்
இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன்.

மூன்றாம் மாடி, மோட்டார் ஏர் பிடித்திருக்கிறது.
மூடியைத் திறந்ததும்
வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்,
யாரோ விருந்தாளி வந்தமாதிரி.

ஸ்பானரெல்லாம் அத்தர் மணக்கிறது.