எட்டாவது முனை

மூன்று நாளாக மூஞ்சிக்கல்லை விட்டு
நகரவில்லை மேகம்.
டியூப்லைட் வெளிச்சத்தில் நீலமெல்லாம் கறுப்பு,
கறுப்பு எதுவென்று கறுப்புக்கே தெரியாது.
துணி சேர்க்கிறவள் வெயிலில் வைத்துச் சேர்க்க வேண்டும்.
வெயிலோ
வத்தலக்குண்டோடு நின்றுவிட்டது.

கட்டில் முழுக்கத் துண்டுகள்.
சின்னாளபட்டிச் சுங்குடியில் மிஞ்சிய அரக்கு,
பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்து மிஞ்சிய கரும்பச்சை,
ஜெசிந்தா அக்கா கோயிலுக்குக் கட்டிக் கிழிந்த
வெளிர் ஊதாப் புடவையின் முந்தி,
லாட்ஜ் திரைச்சீலைச் சந்தனம்,
அளவு கொடுத்தவள் வாங்க வராமலே போன
ஜாக்கெட் பிட்டு ஒன்று, மாம்பழ மஞ்சள்.
அவள் தந்த அட்வான்ஸ் ஐம்பது ரூபாய்
இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.

ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு சதுரம்.
மூலைக்கு மூலை சாக்குக் கோடு.
கோட்டுக்கு இந்தப்புறம் கால் அங்குலத்தில் ஒரு தையல்,
அந்தப்புறம் கால் அங்குலத்தில் ஒரு தையல்,
கோட்டோடு வெட்டி விரித்தால்
பாதிக்குப் பாதி நிறம் மாற்றிக்கொண்டிருக்கும் இரண்டும்,
சண்டை போட்டு ஓய்ந்த
புருஷன் பெண்டாட்டி மாதிரி.
அந்தக் கால் அங்குலம் நூல் கனம் விலகினாலும் போச்சு.
ஏழு முனை கூர்மையாக வந்து
எட்டாவது மொட்டையாகும்.

முதல் கட்டம்: பச்சை வானம், அரக்கு நட்சத்திரம்.
பூண்டு லோடு ஏற்றிவிட்டு வந்து
கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் தூக்கிக் காட்டினேன்.
"நல்லாருக்கு. இன்னும் ஒட்டு வைக்கலையா?"
வைத்தாயிற்று என்றேன்.
"ஒரே துணியாத்தானே தெரியுது."

அடிக்கடி மறந்துபோகிறது எனக்கு.
திண்டுக்கல்லில் ஒரு டாக்டர்
புள்ளி புள்ளியாய்ப் படம் போட்ட புத்தகத்தை நீட்டி
என்ன நம்பர் என்று கேட்டபோது
"நம்பரா?" என்று திருப்பிக் கேட்டவர்.
பஸ் ஓட்டும் வேலை அந்த மேஜையோடு சரி.
மேலே எரிந்தால் சிவப்பு, கீழே எரிந்தால் பச்சை,
இது தெரியாதா எனக்கு என்று
ஒரு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்.
இப்போது அவர் ஏற்றிவிடும் மூட்டைகளை
வேறு யாரோ ஓட்டிப்போகிறார்கள்,
பெருமாள்மலை இறக்கத்தில், ஹாரன் அடித்துக்கொண்டு.

எனக்குக் கோபம்தான் வந்தது.
கட்டத்தைக் கொண்டுபோய்க் கொடியில் மாட்டிவிட்டு
பேரிக்காய் மரத்தடி வரை பின்னால் நடந்தேன்.
நடுவில் புகுந்தது மேகம்.
அரக்கு போயிற்று. பச்சை போயிற்று.
சாம்பலாய் ஒரு சதுரம் தொங்கியது.
நட்சத்திரத்தை
எனக்கே காணவில்லை.

அன்றிரவு துண்டுகளையெல்லாம் அவர் முன்னால் கொட்டினேன்.
நிறம் கேட்கவில்லை.
எது வெளிச்சம், எது இருட்டு, அவ்வளவுதான்.
சீட்டுக்கட்டு பிரிக்கிறவர் போலப் பிரித்தார் பிலவேந்திரன்.
அரக்கும் கரும்பச்சையும் ஒரு பக்கம்.
மாம்பழ மஞ்சளும் ஊதாவும்,
என் உயிர் போனாலும் நான் சேர்க்காத அந்த இரண்டும்,
இன்னொரு பக்கம்.
சந்தனத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு
ரொம்ப நேரம் யோசித்தார்.
"இது ரெண்டுங்கெட்டான். ஓரத்துக்குப் போடு."

இருபது கட்டம்.
உள்ளே பழைய கம்பளி, அடியில் இரண்டு வேட்டி.
புல்லில் உறைபனி விழுவதற்குள் முடித்தேன்.
வெயில் வந்த அன்று வாசலில் விரித்ததும்
தெருவே கண்ணைச் சுருக்கிக்கொண்டது.
ஊதாவுக்குப் பக்கத்தில் யாராவது மஞ்சள் வைப்பார்களா,
ஜெசிந்தா அக்கா
முந்தியைத் திருப்பிக் கேட்பவள் போல நின்றாள்.
எட்டிப்போய்ப் பாருங்கள் என்றேன்.
போகவில்லை.

இருபதில் பத்தொன்பதுதான் அவர் பிரித்தது.
அந்த முதல் கட்டத்தைப் பிரிக்க மனசு வராமல்
தலைமாட்டில், அவர் பக்கம், சுவரோரமாய் வைத்துத் தைத்திருந்தேன்.
சொல்லவில்லை.

நேற்று கரண்ட் போன இருட்டில்
அவர் கட்டைவிரல் தையல்மேட்டில் ஊர்ந்தது.
நின்றது. வந்த வழியே திரும்பியது.
தூங்குகிறவள் போலக் கிடந்தேன்.
ஐந்து, ஆறு என்று
மூட்டை எண்ணும் குரலில் எண்ணினார்.

"எட்டாவது மொட்டையா இருக்கே" என்றார்.