ஏழாவது லேன்

கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
ஏழாவது லேன் என்னுடையது.
ஃபாஸ்டேக் ஒட்டாதவர்களும்
ஒட்டியும் அதில் காசில்லாதவர்களும்
என்னிடம்தான் வந்தாக வேண்டும்.
இரண்டு வண்டிகளுக்கு நடுவே
எனக்குக் கிடைப்பது ஒரு கேள்வி.

ரசீது ரோல் முடியப்போகும்போது
ஓரத்தில் சிவப்புக் கோடு விழும்.
அந்தக் கடைசி முழத்தைக் கிழித்து
கேள்வியை மட்டும் எழுதிக்கொள்வேன்.
விடையும் எழுதினால் கண் படித்துவிடும்,
தலை சும்மா இருந்துவிடும்.
யாரும் சொல்லித் தரவில்லை இதை.
குரூப் ஃபோர் இரண்டு தடவை போனதில் தெரிந்தது.

திங்களன்று படித்தது
வியாழனன்று இருப்பதில்லை.
கழுவிக் கவிழ்த்த மாதிரி.
ஆனால் மறுபடி கூப்பிட்டால்
முதல் தடவையைவிடச் சீக்கிரம் வருகிறது,
வழி தெரிந்த நாய்.

1806 என்று ஒரு பால் டேங்கர் உண்டு.
அது வேலூர்.
1857 கிரானைட் லாரி, மீரட்.
ஒருநாள் இரண்டும்
முன்னும் பின்னுமாக வந்து நின்றன.
அந்த வாரம் முழுக்க
வேலூரில் நடந்ததெல்லாம் மீரட்டில் நடந்தது.
அன்றைய கணக்கில்
ஐம்பத்தொரு ரூபாய் இடிக்கிறதென்று
சூப்பர்வைசர் தெய்வசிகாமணி கத்தினார்.
கழித்துப் பாருங்கள்.
நான் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

தீண்டாமை ஒழிப்பு, பதினேழாவது சரத்து.
அதைப் படிக்கையில்
புளி மூட்டை லாரி ஒன்று டயர் வெடித்து
ஒரு மணி நேரம் என் ஜன்னலோரம் நின்றது.
இன்றும் பதினேழு என்றால் பல் கூசும்.
அடிப்படைக் கடமைகள் பதினொன்று,
ராயக்கோட்டைத் தக்காளி வண்டி.
பத்து முழுசாக இருக்கும்.
ஒன்று எப்போதும் நசுங்கியிருக்கும்.

தேர்வு தருமபுரியில்,
ஒரு பெண்கள் பள்ளியில்.
ஃபேன்கூட முனகவில்லை.
அவ்வளவு அமைதியில்
நான் எதையுமே கற்றதில்லை.

கேள்வி நூற்றுப் பன்னிரண்டு.
கட்சித் தாவல் தடை எந்த அட்டவணையில்?
தெரியும்.
தெரியும் என்று தெரியும்.
எட்டா என்றால்
உள்ளே யாரோ தலையாட்டி மறுக்கிறார்கள்.
ஒன்பதா, அதுவும் இல்லையாம்.
சரியானது இன்னதென்று தெரியாமலா
அவ்வளவு தீர்மானமாக மறுப்பது?
தெரிந்தால் சொல்லித் தொலைக்கலாமே.

அப்போது என் வலது கை
தானாகப் பக்கவாட்டில் நீண்டது,
இல்லாத ஜன்னலுக்கு வெளியே,
உள்ளங்கை மேலே பார்க்க.

கண்காணிப்பாளர் வந்து நின்றார்.
"கூடுதல் தாள் எல்லாம் இதில் கிடையாதும்மா."
"இல்லீங்க மேடம்."
கையை இழுத்துக்கொள்வதற்குள்
டீசல் வாடையோடு அதில் விழுந்தது
ஒரு பத்து ரூபாய் நாணயம்.

பத்து.
வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.

திரும்பும் பஸ்ஸில்,
காரிமங்கலம் தாண்டித்தான் உறைத்தது.
அந்த நாணயம் யாருடையது என்று.
உத்தனப்பள்ளிக்காரர். மாங்கூழ் டேங்கர்.
செவ்வாயும் வெள்ளியும்
இரண்டு, இரண்டேகால் மணிக்கு வருவார்.
சில்லறையைச் சரியாக எண்ணி வைத்திருப்பார்,
சூடாக இருக்கும்,
வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்ததுபோல.
பெயர் கேட்டதில்லை.
எந்தத் துண்டுச் சீட்டிலும் எழுதியதில்லை,
ஒரு தடவைகூட
எனக்கு நானே ஒப்பித்துப் பார்த்ததில்லை.
வண்டி எண் 9043,
எந்தச் சரித்திரத்திலும் இல்லாத வருஷம்.

காவேரிப்பட்டணத்தில் பஸ் நின்றது.
மூடியிருந்த கையை விரித்தேன்.
கறுப்பு மை.

இன்று சனி.
செவ்வாய்க்கு
இன்னும் மூன்று நாள்.